மணி மாறும் ஞாயிறு: எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை மணி 1 ஆக வேண்டிய கணத்தில் 2 ஆகிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 2 ஆனதும் மறுபடி 1 ஆகும். நடுவில் இப்படி ஒரு மணி நேரம் முன்னே ஓடுவதுதான் கோடை நேரம். 2026ல் இவை மார்ச் 29, அக்டோபர் 25. 2027ல் மார்ச் 28, அக்டோபர் 31. ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் இதே கணத்தில்தான் மாறுகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பகுதிக்கு வேறு கணக்கு: மார்ச் இரண்டாவது ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு, இரண்டிலும் உள்ளூர் நேரம் அதிகாலை 2 மணிக்கு. 2007லிருந்து இப்படி.

விதி இவ்வளவுதான். குழப்பம் வருவது, எல்லா வேலையும் கடிகாரத்தைப் பார்த்தே நடக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வதால். சில வேலை சூரியனோடு கட்டப்பட்டது: ராகு காலம், மாடு கறப்பது, தெருவிளக்கு. சில வேலை அந்த ஊர்க் கடிகாரத்தோடு கட்டப்பட்டது: பள்ளிக்கூடம், பஸ், கடை திறப்பது. இன்னும் சில, உலகம் முழுக்கப் பொதுவான ஒரு கணத்தோடு கட்டப்பட்டவை: அமாவாசை முடியும் நேரம், குழந்தை பிறந்த நேரம், சர்வரில் ஒரு பதிவு விழுந்த நேரம். கையில் இருக்கும் வேலை இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் மீதி வெறும் கூட்டல் கழித்தல்.

முதலில் வெளிச்சம். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக கோடைப் பகல் நீளும், குளிர்காலப் பகல் குறுகும். சென்னையில் ஜூனில் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 53 நிமிடம், டிசம்பரில் மிகக் குறுகியது 11 மணி 22 நிமிடம். வருஷம் முழுக்க வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். டொராண்டோவில் 15 மணி 26 நிமிடமும் 8 மணி 55 நிமிடமும். லண்டனில் 16 மணி 38 நிமிடமும் 7 மணி 50 நிமிடமும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் லண்டன் பகல் தினமும் ஏறக்குறைய 4 நிமிடம் கூடும் அல்லது குறையும். அதே நாட்களில் சென்னையில் 45 விநாடிக்கும் குறைவு. சென்னையில் யாரும் கடிகாரத்தை மாற்றச் சொல்லாததற்குக் காரணம் இந்த 45 விநாடிதான்.

இங்கே ஒரு சின்ன விஷயம். மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 என்றாலும், சீக்கிரமே அஸ்தமிக்கும் நாள் அது அல்ல. லண்டனில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது டிசம்பர் 12 வாக்கில், மாலை 3:51க்கு. மிகத் தாமதமாக உதிப்பது வருஷப் பிறப்பை ஒட்டி, காலை 8:06க்கு. சென்னையில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. சீக்கிரம் இருட்டுவது கார்த்திகை தொடக்கத்தில், நவம்பர் மூன்றாம் வாரத்தில். தாமதமாக விடிவது ஜனவரி கடைசியில். மார்கழியில்தான் சீக்கிரம் இருட்டுகிறது என்று தோன்றுவது பனியும் குளிரும் செய்யும் வேலை.

கடிகாரத்தை மாற்றும் யோசனையை லண்டனில் தூக்கிப் பிடித்தவர் வில்லியம் வில்லெட் என்ற கட்டட ஒப்பந்தக்காரர். 1907ல் அவர் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில் கேட்டது ஒரு மணி நேரம் அல்ல, 80 நிமிடம். ஏப்ரலில் நான்கு ஞாயிறுகளில் இருபது இருபது நிமிடமாக முன்னே தள்ளி, செப்டம்பரில் அதே மாதிரி பின்னே இழுக்க வேண்டும் என்றார். அவருக்கு முன்பே 1895ல் நியூசிலாந்தில் ஜார்ஜ் ஹட்சன் என்ற பூச்சியியல் ஆர்வலர் இரண்டு மணி நேர மாற்றம் கேட்டிருந்தார், வேலை முடிந்து பூச்சி பிடிக்க வெளிச்சம் வேண்டுமென்று. யாரும் காது கொடுக்கவில்லை. உலகப் போர் வந்து நிலக்கரியை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தபோதுதான் 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி மாற்றியது. மூன்று வாரத்தில், மே 21 அன்று, பிரிட்டனும் மாற்றியது. வில்லெட் முந்தைய வருஷமே இறந்துவிட்டார்.

லண்டனில் ஜூன் நடுவில் கோடை நேரம் இல்லாவிட்டால் சூரியன் 3:43க்கு உதிக்கும். ஊர் தூங்கும் அந்த வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தை எடுத்து மாலையில் வைக்கிறோம். வெளிச்சம் ஒரு நிமிடம்கூடக் கூடுவதில்லை.

வீட்டுக்குள் வருவோம். செல்பேசி, கணினி, டிவி பெட்டி எல்லாம் தானாக மாறிவிடும். மாறாதவை: அடுப்பின் கடிகாரம், மைக்ரோவேவ், பழைய கார், கொதிகலனின் டைமர், கைக்கடிகாரம். இதில் கொதிகலன் டைமரைத்தான் மறந்துவிடுகிறார்கள். அக்டோபரில் அதைத் திருப்பாவிட்டால் வீடு ஒரு மணி நேரம் முன்னதாகவே சூடாகி, நீங்கள் எழும்போது ஆறத் தொடங்கியிருக்கும்.

இரவில் மலிவு மின்சாரம் தரும் எகானமி 7 திட்டத்தில் பழைய மீட்டர் இருந்தால் அதைத் தொட வேண்டாம், தொடவும் முடியாது. பல பழைய மீட்டர்கள் வருஷம் முழுக்க கிரீன்விச் நேரத்திலேயே, அதாவது பிரிட்டனின் குளிர்கால மணியிலேயே ஓடும். குளிர்காலத்தில் 12:30 முதல் 7:30 வரை மலிவு என்றால், கோடையில் உங்கள் கடிகாரப்படி அது 1:30 முதல் 8:30 வரை. நள்ளிரவு 12:30க்குத் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்படி டைமர் வைத்தவர் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை முதல் ஒரு மணி நேரத்துக்குப் பகல் விலை கொடுத்துக்கொண்டிருப்பார். மீட்டரிலேயே மணி காட்டினால் அதைப் பார்த்து டைமரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் சரியாகிவிடும்.

ரேடியோ சிக்னலில் ஓடும் சுவர்க் கடிகாரம் கம்பிரியா மாவட்டத்து ஆன்தார்ன் நிலையத்திலிருந்து 60 கிலோஹெர்ட்ஸில் வரும் சமிக்ஞையைப் பிடிக்கிறது. கோடை நேரமா இல்லையா என்ற தகவலும் அதிலேயே இருக்கும். ஞாயிறு காலையும் பழைய மணியே காட்டினால் கடிகாரம் கெட்டுப்போனதாக எண்ணிக் கையால் திருக வேண்டாம். பல கடிகாரங்கள் இரவில்தான் சமிக்ஞையைத் தேடும். டிவி பக்கத்திலிருந்தும் இரும்புச் சட்டத்திலிருந்தும் விலக்கி, ஜன்னல் ஓரமாக ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் வாங்கி வந்தது என்றால் அது ஃபிராங்க்ஃபர்ட் அருகிலுள்ள மைன்ஃப்ளிங்கன் நிலையத்தின் 77.5 கிலோஹெர்ட்ஸைத் தேடும், அது பிடித்துவிட்டால் லண்டனில் எப்போதும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டும். சில மாடல்களில் ஊர் மாற்றும் பொத்தான் உண்டு.

மணி அடிக்கும் பழைய பெண்டுலக் கடிகாரத்துக்கு ஒரே விதி: முள்ளைப் பின்னால் திருப்பாதீர்கள். பல பழைய இயந்திரங்களில் அடிக்கும் பற்சக்கரம் எண்ணிக்கை தப்பிவிடும், சிலவற்றில் நெம்புகோலே வளையும். மார்ச்சில் பெரிய முள்ளை மெதுவாக முன்னே கொண்டுபோய், அரை மணிக்கும் முழு மணிக்கும் அடித்து முடிக்கும் வரை நிறுத்தி, பிறகு தள்ளவும். அக்டோபரில் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தி, சரியாக ஒரு மணி நேரம் கழித்து ஆட்டிவிடவும். பொறுமை இல்லாவிட்டால் பதினொரு மணி நேரம் முன்னே திருப்ப வேண்டும், ஒவ்வொரு மணியையும் முழுக்க அடிக்கவிட்டு. நிறுத்தி வைப்பதே மேல்.

மருந்து. வழக்கமான மாத்திரைகளுக்கு ஒரு மணி நேரம் முன்பின்னாவது பொதுவாகப் பொருட்டில்லை, புது மணிப்படி போடலாம். கவனிக்க வேண்டியது இன்சுலின் பம்ப். மணிக்கு இவ்வளவு என்று அடிப்படை அளவு அதன் உள் கடிகாரப்படியே இறங்குகிறது, பல பம்ப்களில் அந்தக் கடிகாரத்தை நாமேதான் மாற்ற வேண்டும். பார்க்கின்சன் போன்ற, நேரம் தவறக் கூடாத மருந்துகளுக்கு முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் முதியவருக்கு ராத்திரி 1:30க்கு மருந்து கொடுப்பவர்கள் அக்டோபர் ஞாயிறன்று ஒன்றரை மணி இரண்டு தடவை வரும் என்பதைத் தாளில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

இரவுப் பணியும் அப்படித்தான். இரவு 10 முதல் காலை 6 வரையிலான ஷிஃப்ட் மார்ச்சில் 7 மணி நேரம், அக்டோபரில் 9 மணி நேரம். அமெரிக்காவில், மணிக் கணக்கில் சம்பளம் வாங்குபவர்களுக்கு உண்மையில் வேலை செய்த மணிகளுக்குக் கூலி தர வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். பிரிட்டனில் அது வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது, ஆனால் ஒன்பதாவது மணியைச் சேர்த்து வகுத்தால் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. மணி மாறும் நவம்பர் ராத்திரியில் ஓடும் அமெரிக்காவின் ஆம்ட்ராக் ரயில் கால அட்டவணைக்கு முன்னால் ஓடக் கூடாது என்பதற்காக வழியில் ஏதோ ஒரு நிலையத்தில் ஒரு மணி நேரம் சும்மா நிற்கும். மார்ச்சில் அது ஒரே நொடியில் ஒரு மணி நேரம் தாமதமாகிவிடும், முடிந்த வரை ஓடிப் பிடிக்க வேண்டியதுதான்.

சென்னையில் உட்கார்ந்து லண்டனோடும் நியூயார்க்கோடும் பேசுபவர்களுக்கு மோசமான காலம் இரண்டு: மார்ச்சில் அமெரிக்கா மாறி ஐரோப்பா மாறாத இரண்டு மூன்று வாரம், அக்டோபர் கடைசியில் ஐரோப்பா மாறி அமெரிக்கா மாறாத ஒரு வாரம். 2026ல் முதலாவது மார்ச் 8 முதல் 29 வரை. சாதாரண நாட்களில் நியூயார்க்கில் காலை 9 என்றால் லண்டனில் மதியம் 2. இந்த இரண்டு காலத்திலும் மட்டும் மதியம் 1. இந்தியாவில் நியூயார்க் காலை 9, குளிர்காலத்தில் இரவு 7:30, கோடையில் மாலை 6:30. லண்டன் காலை 9, குளிர்காலத்தில் மதியம் 2:30, கோடையில் 1:30.

யார் காலெண்டரில் கூட்டம் போடுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாராந்திர அழைப்பை நியூயார்க்காரர் தன் 9 மணிக்குப் போட்டால் சென்னைக்கு மணி நகரும். சென்னைக்காரர் மாலை 6:30 என்று போட்டால் நவம்பரிலிருந்து நியூயார்க்கில் அது காலை 8 ஆகிவிடும். ராத்திரி கேப், இரவுச் சாப்பாடு, ஷிஃப்ட் படி எல்லாம் இதில் தொங்குவதால், எந்த ஊர் மணி நிலையானது என்பதை அழைப்பின் தலைப்பிலேயே எழுதிவிடுவது சச்சரவைக் குறைக்கும்.

விண்டோஸிலும் அவுட்லுக்கிலும் ஒரு பொறி உண்டு. 'ஜிஎம்டி ஸ்டாண்டர்டு டைம்' என்ற பெயருக்குள் லண்டனின் கோடை மாற்றமும் அடங்கும். மாறவே மாறாதது வேண்டுமென்றால் ரெய்க்யாவிக் என்று காட்டும் 'கிரீன்விச் ஸ்டாண்டர்டு டைம்' அல்லது உலகப் பொது நேரமான யூடிசி. அதே போல ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்தை நம்பவே கூடாது, இந்தியா, அயர்லாந்து, இஸ்ரேல் மூன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. சுருக்கெழுத்துக்குப் பதில் 'ஏசியா/கொல்கத்தா', 'யூரோப்/லண்டன்' என்ற முழு மண்டலப் பெயரையே கொடுங்கள்.

நிரல் எழுதுபவர்களுக்கு நான்கு இடங்களில் அடி விழும். முதலாவது, 'நாளை இதே நேரம்' என்பதற்கு 24 மணி நேரம் கூட்டுவது. மாறும் நாளில் ஒரு நாள் என்பது 23 அல்லது 25 மணி நேரம். பிரிட்டனின் மின்சாரச் சந்தையில் நாளை அரை மணித் துண்டுகளாக எண்ணுகிறார்கள்: வழக்கமாக 48, மார்ச் ஞாயிறில் 46, அக்டோபர் ஞாயிறில் 50. அட்டவணையில் 48 கட்டத்தை நிரந்தரமாகப் போட்டுவைத்த நிரல் வருஷத்துக்கு இரண்டு நாள் சரியாகக் கவிழும்.

இரண்டாவது, ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் தனித்துவச் சாவியாக உள்ளூர் நேரத்தையே வைப்பது. அக்டோபரில் 1:30 இரண்டு தடவை வரும்போது இரண்டாவது பதிவு ஒன்று நிராகரிக்கப்படும், இல்லை முதலாவதன் மேல் ஏறி உட்காரும். மூன்றாவது, குறித்த மணிக்குத் தானாக ஓடும் கிரான் வேலைகளை அதிகாலை 1க்கும் 3க்கும் நடுவே வைப்பது. டெபியன் லினக்ஸின் கிரான் தவிர்க்கப்பட்ட மணியில் இருந்த வேலையை மாற்றம் முடிந்ததும் ஓட்டும், திரும்ப வரும் மணியில் இரண்டாம் தடவை ஓட்டாது. எல்லா கிரானும் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. சர்வரை யூடிசியில் வைத்து, கணக்கு முடிக்கும் வேலையை உள்ளூர் 4 மணிக்குப் பிறகு தள்ளிவைத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும்.

நான்காவதில் பெரிய ஆட்களே சறுக்குகிறார்கள். நடந்து முடிந்ததை யூடிசியில் சேமிப்பது சரி. ஆனால் ஆறு மாதம் கழித்து வரும் பல் மருத்துவர் சந்திப்பை யூடிசியாக மாற்றிச் சேமித்தால், நடுவில் அரசு விதியை மாற்றினால் அது தவறிவிடும். எதிர்காலத்துக்கு உள்ளூர் மணியும் மண்டலப் பெயரும்தான் சேமிக்க வேண்டும். விதி மாறுவது கற்பனை இல்லை. மெக்சிகோவின் பெரும்பகுதி 2022ல் இந்த வழக்கத்தைக் கைவிட்டது. எகிப்து 2023ல் திரும்பக் கொண்டுவந்தது. அதே 2023 மார்ச்சில் லெபனான் அரசு, மாற்றம் வர இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, ரமலான் முடியும் வரை தள்ளிவைக்கிறோம் என்றது. கிறிஸ்தவத் தேவாலயமும் சில தொலைக்காட்சிகளும் ஏற்கவில்லை. ஒரே தெருவில் இரண்டு மணி ஓடியது. சில நாளில் அரசு பின்வாங்கியது. மண்டல விதிகளின் தரவுத் தொகுப்பைச் சர்வர்களிலும் செல்பேசிகளிலும் புதுப்பிக்க அத்தனை அவகாசம் போதவே போதாது.

வழக்கமே ஒழியுமா என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பிய ஆணையம் 2018ல் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் எழுதினார்கள், 84 சதவீதம் பேர் ஒழியட்டும் என்றார்கள், பெரும்பாலானோர் ஜெர்மானியர். 2019ல் ஐரோப்பிய நாடாளுமன்றமும் வாக்களித்தது. உறுப்பு நாடுகள் எந்த மணியில் நிலைப்பது என்பதில் ஒத்துவராமல் அது அப்படியே கிடக்கிறது. ஒன்டாரியோ 2020ல் நிரந்தரக் கோடை நேரத்துக்குச் சட்டமே போட்டது, ஆனால் கியூபெக்கும் நியூயார்க்கும் கூட வந்தால்தான் என்ற நிபந்தனையோடு.

நிரந்தரக் கோடை நேரம் கேட்கும்போது இனிக்கும். பிரிட்டன் அதை 1968 முதல் 1971 வரை செய்து பார்த்தது. வடக்கு ஸ்காட்லாந்தில் குளிர்காலத்தில் 10 மணி வாக்கில்தான் விடிந்தது. 1970 டிசம்பரில் 366க்கு 81 என்ற கணக்கில் நாடாளுமன்றம் அதை முடித்துவைத்தது. அமெரிக்கா 1974 ஜனவரியில் தொடங்கி, அந்த அக்டோபரிலேயே கைவிட்டது. தூக்க மருத்துவர்கள் கேட்பதும் நிரந்தரக் கோடை நேரம் அல்ல, நிரந்தர இயல்பு நேரம், அதாவது குளிர்கால மணி. என் கட்சியும் அதுதான்: குளிர்காலக் காலை வெளிச்சத்தை விற்று மாலை வெளிச்சத்தை வாங்குவது வடக்கு ஊர்களுக்குக் கட்டுப்படியாகாது.

இனி பஞ்சாங்கம். நம் ஆட்களிடம் மிக அதிகமான தவறு நடப்பது இங்கேதான்.

ஞாயிறு 4:30–6, திங்கள் 7:30–9 என்று மனப்பாடமாக வைத்திருக்கும் ராகு கால அட்டவணை, 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறையும் சூரியனுக்குப் போட்டது. உண்மையான விதி: பகலை எட்டாக வகுத்து, ஞாயிறுக்கு எட்டாவது பங்கு, திங்களுக்கு இரண்டாவது, செவ்வாய்க்கு ஏழாவது, புதனுக்கு ஐந்தாவது, வியாழனுக்கு ஆறாவது, வெள்ளிக்கு நான்காவது, சனிக்கு மூன்றாவது. சென்னையில் அட்டவணைக்கும் விதிக்கும் பெரிய வித்தியாசம் வராது. லண்டனில் என்ன ஆகும் பாருங்கள்.

2026 ஜூன் 21, ஞாயிறு. உதயம் 4:43, அஸ்தமனம் இரவு 9:21. பகல் 998 நிமிடம், ஒரு பங்கு ஏறக்குறைய 125 நிமிடம். எட்டாவது பங்கு இரவு 7:16 முதல் 9:21 வரை. அட்டவணை சொல்லும் 4:30–6 அன்று ராகு காலமே அல்ல. 2026 டிசம்பர் 20, அதுவும் ஞாயிறு. உதயம் 8:03, அஸ்தமனம் 3:53. பங்கு 59 நிமிடம். ராகு காலம் மதியம் 2:54 முதல் 3:53 வரை. அட்டவணையின் 4:30க்கு ராகு காலம் முடிந்து இருட்டியே விட்டிருக்கும்.

இதில் கோடை நேரத்துக்காகத் தனியாக ஒரு மணி கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். உள்ளூர் உதய அஸ்தமன நேரத்தை எடுத்தாலே மாற்றம் அதற்குள் வந்துவிடுகிறது. இரண்டாம் தடவை கூட்டுவதுதான் கோயில் நாட்காட்டிகளில்கூடப் பார்க்கும் தவறு. சில பஞ்சாங்கங்கள் சூரிய பிம்பத்தின் மேல் விளிம்பைக் கணக்கிடாமல் நடுவைக் கணக்கிடும், அதனால் சில நிமிடம் முன்பின்னாகலாம்.

திதி, நட்சத்திரம் முடியும் நேரம் வேறு ஜாதி. அது சூரிய உதயத்தோடு கட்டப்பட்டது அல்ல, உலகம் முழுக்க ஒரே கணம். சென்னைப் பஞ்சாங்கம் 'அமாவாசை இரவு 8:40 வரை' என்று போட்டால் லண்டனில் கோடை நேரத்தில் 4:30 மணி நேரத்தைக் கழித்தால் மாலை 4:10, குளிர்கால நேரத்தில் 5:30 கழித்து 3:10. டொராண்டோவில் கோடையில் 9:30 கழித்து காலை 11:10, குளிர்காலத்தில் 10:30 கழித்து 10:10. சிட்னியில் கூட்ட வேண்டும், அங்கே பருவமும் தலைகீழ்: அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை 5:30, மற்ற மாதங்களில் 4:30. பிரிஸ்பேனில் எப்போதும் 4:30, குயின்ஸ்லாந்து மணி மாற்றுவதே இல்லை.

தீபாவளி சரியாக இந்த மாற்றக் காலத்தில்தான் வந்து விழுகிறது. 2024ல் அக்டோபர் 31. லண்டன் 27ஆம் தேதியே மாறிவிட்டது, டொராண்டோ நவம்பர் 3 வரை மாறவில்லை. 2025ல் அக்டோபர் 20, இரண்டு ஊரும் கோடை நேரத்தில். போன வருஷக் கழித்தலை அப்படியே இந்த வருஷம் போட்டால் தவறும்.

ஜாதகத்தில் ஒரு மணி நேரம் பிசகினால் என்ன ஆகும்? லக்னம் சராசரியாக 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும், ஒரு மணி நேரத்தில் 15 பாகை, அதாவது அரை ராசி. லண்டன் அட்சரேகையில் சில ராசிகள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே உதித்து முடிந்துவிடும். சந்திரன் ஒரு மணியில் அரைப் பாகைக்குச் சற்று அதிகம் நகர்வதால் தசை இருப்பும் நகரும்: பிறந்தது சுக்கிர தசையில் என்றால் ஏறக்குறைய பத்து மாதம், சூரிய தசையில் என்றால் மூன்று மாதம். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, கணக்கு போடுவதென்றால் சரியாகப் போட வேண்டும்.

மென்பொருளில் 'இந்தியா', 'இலங்கை' என்று தேர்ந்து, கிரீன்விச்சைவிட 5:30 மணி கூடுதல் என்று போட்டுவிட்டால் போதும் என்பது எல்லா வருஷத்துக்கும் பொருந்தாது. இந்தியாவில் 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை போர்க்கால நேரம், 6:30. வீட்டுப் பெரியவர்களின் பழைய ஜாதகத்தை மறுபடி கணிப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரிலும் மேற்கு மலேசியாவிலும் 1981 கடைசி வரை 7:30, 1982 ஜனவரி 1லிருந்து 8. பிரிட்டனில் 1968 பிப்ரவரி 18 முதல் 1971 அக்டோபர் 31 வரை பிறந்தவர்களுக்குக் குளிர்காலத்திலும் 1 மணி உண்டு.

இலங்கைதான் மிகவும் சிக்கல். மின் நெருக்கடியால் 1996 மே 25 அன்று மணியை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், 6:30 ஆனது. அந்த அக்டோபர் 26 அன்று அரை மணி குறைத்து 6 ஆக்கினார்கள். அப்படியே ஒன்பதரை வருஷம் ஓடி, 2006 ஏப்ரல் 15 அன்று மறுபடி 5:30க்கு வந்தது. ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்காமல் 5:30லேயே இருந்தன. ஆகவே 2000ல் கொழும்பில் காலை 7:00க்குப் பிறந்த குழந்தையும் வன்னியில் 6:30க்குப் பிறந்த குழந்தையும் ஒரே கணத்தில் பிறந்தவை. அந்தப் பத்து வருஷத்தில் பிறந்தவர்களுக்கு இப்போது கல்யாணப் பொருத்தம் பார்க்கும் வயது. தேதியை மட்டும் கேட்டால் போதாது, எந்த ஊரில், அந்த ஊர் அப்போது யார் மணியில் ஓடியது என்றும் கேட்க வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த குழந்தைக்கு இன்னொரு தொல்லை: இரட்டையர் அல்லது அதற்கு மேல் பிறந்தால்தான் பிறப்புச் சான்றிதழில் மணி இருக்கும். ஒற்றைக் குழந்தைக்கு இருக்காது. ஸ்காட்லாந்தில் எல்லாருக்கும் உண்டு. ஆகவே பிரசவக் குறிப்பில் எழுதிய நேரத்தை அப்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 1க்கும் 2க்கும் நடுவே பிறந்திருந்தால், அது மணி மாறுவதற்கு முந்தைய 1:20ஆ பிந்தைய 1:20ஆ என்று மருத்துவச்சியிடம் கேட்டு, தேதி, மணி, ஊர் மூன்றோடு நான்காவதாக 'யூடிசி +1' அல்லது 'யூடிசி +0' என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள். ஜோசியருக்கும் மென்பொருளுக்கும் அது ஒன்று போதும்.